படகுகளை நம்பிப் போட்ட திட்டம்

முதலில் கழிக்கப்பட்டது மே மாதம். பள்ளிக்கூட விடுமுறை நீளமாகக் கிடைப்பது அப்போதுதான், சொந்தபந்தங்கள் எல்லாம் ஊர் சுற்றுவதும் அப்போதுதான். ஆனால் கோவை சிங்காநல்லூரில் உள்ள அந்த வீட்டில், ஏழு வயதுப் பெண்ணையும் மூன்று வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்தபோது, பிள்ளைகளின் அம்மா மே வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டுபோன செய்தியை அவள் மறக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடலைப் பார்க்கப் போனவர்கள் அவர்கள்.

கேரள மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ வீசும் பெருங்காற்று நீண்ட அலைகளைக் கிளப்பிவிடும். அவை நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும்போது இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் திடீரென்று ஏறி உள்ளே வரும். ஏப்ரலிலும் மேயிலும்தான் இது அதிகம். ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கென்றே எச்சரிக்கை விடுகிறது. கடலோரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற எவரும் வானிலை அறிக்கையோடு இதையும் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வெயில் அடிக்கிறதா, மழை பெய்கிறதா என்பதை வைத்துக் கடலைக் கணிக்க முடியாது.

அரையாண்டு விடுமுறையும் தள்ளிப்போனது. டிசம்பர் கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் கார்னிவல் நடக்கும், புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவில் பாப்பாஞ்சி என்ற பெரிய கிழவர் பொம்மையைக் கொளுத்துவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் மூன்று வயதுப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. மிஞ்சியது 2025 செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை. தென்மேற்குப் பருவமழையின் சீற்றம் தணிந்து, ஐப்பசி இடிமழை தொடங்குவதற்கு முந்தைய இடைவெளி அது. அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சிறிய லேத் பட்டறை இருந்தது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் ஊரில் இருந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

கோவைக்காரர்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கடல் வங்கக் கடல் அல்ல, அரபிக் கடல். மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக் கணவாயில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. அதன் வழியாக ரயிலில் இறங்கினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் எர்ணாகுளம். ராமேஸ்வரமும் புதுச்சேரியும் பேச்சில் அடிபட்டன. இரண்டுக்கும் இரவெல்லாம் ரயிலில் போக வேண்டும். ஆனால் அம்மா கொச்சியைப் பிடித்துக்கொண்டதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. கொச்சி தீவுகளால் ஆன ஊர். அங்கே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதென்றால் படகு ஏறியாக வேண்டும், அல்லது ஏறலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தை நின்று பார்ப்பது அலுப்பு, அந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்பதுதான் கொண்டாட்டம். போகிற வழியே வேடிக்கையாக இருக்கும் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதித் திட்டம் முடிந்தது என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு மிகச் சரியானது.

அப்பா எழுதிய பட்டியல் ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. மட்டாஞ்சேரி அரண்மனை, யூதர் கோயில், புனித பிரான்சிஸ் தேவாலயம், போல்காட்டி, திருப்பூணித்துறை ஹில் பேலஸ், கதகளி, செராய் கடற்கரை, மரைன் டிரைவ். அம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, இன்னொரு தாளில் சின்னவனின் ஒரு நாளை எழுதினாள். காலை ஆறரைக்கு விழிப்பான். பத்தரை வரை நல்ல பிள்ளை. பன்னிரண்டுக்குச் சாப்பிட்டால் மூன்றரை வரை தூங்குவான். மாலை நான்கிலிருந்து ஏழு வரை மறுபடியும் நல்ல பிள்ளை. ஆக ஒரு நாளில் இரண்டே துண்டுகள். ஒரு துண்டுக்கு ஓர் இடம், அதற்கு மேல் கிடையாது. தூக்கத்தைத் தள்ளிப்போட்டு மூன்றாவது இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனால் அங்கே யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும் பெற்றோர் எந்தச் சுற்றுலா இடத்திலும் கண்ணில் படுவார்கள்.

அடுத்தது கிழமைக் கணக்கு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. ஹில் பேலஸுக்குத் திங்கள். யூதர் கோயில் சனிக்கிழமை திறக்காது, வெள்ளிக்கிழமை பிற்பகலும் திறக்காது, யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும். அந்தப் பண்டிகைகளில் பல செப்டம்பர், அக்டோபரில்தான் வருகின்றன. சனிக்கிழமைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தா வாய் திறந்தார்.

“ஏன் அம்மிணி, பொரட்டாசி சனிக்கெழமை அன்னைக்கிப் பெருமாளப் பாக்காம நான் எங்கீம் வர்லீங்குது தெரியுமல்லோ?”

“தெரியுமுங்க அத்தை. அதான் திருக்காக்கரையப் பாத்து வெச்சிருக்கேன்” என்றாள் அம்மா.

எர்ணாகுளத்துக்கு வடக்கே இடப்பள்ளியைத் தாண்டி இருக்கும் திருக்காக்கரை வாமனர் கோயில்தான் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றான திருக்காட்கரை. நம்மாழ்வார் பாடிய தலம். மகாபலியின் கதையோடும் ஓணத்தோடும் பின்னிக் கிடப்பது. அப்பத்தாவுக்கு ஊரில் பெருமாள் கோயில் வாசலில் மணிக்கணக்காக வரிசையில் நிற்கும் சனிக்கிழமைக்குப் பதிலாக ஒரு திவ்ய தேசமே கிடைத்தது. கேரளக் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். நடை முற்பகலிலேயே சாத்திவிட்டு மாலை ஐந்து மணி சுமாருக்குத்தான் திறப்பார்கள். அதனால் அப்பாவின் வேட்டியும் சின்னவனின் குட்டி வேட்டியும் பையின் மேல்பக்கத்துக்கு வந்தன, கோயில் மாலைத் துண்டில் ஏறியது.

புரட்டாசி என்றால் இன்னொன்றும் உண்டு. வீட்டில் யாரும் கவுச்சி தொட மாட்டார்கள். கொச்சிக்குப் போய்க் கரிமீன் சாப்பிடாமல் வருவதா என்று அப்பாவின் நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்துக்கு இடமே இல்லை. புட்டும் கடலைக்கறியும், ஆப்பமும் காய்கறி ஸ்டூவும், இடியாப்பம், பழம்பொரி, இலையடை என்று கேரளத்துச் சைவச் சாப்பாடு குழந்தைகளின் வாய்க்கு இதமானது. தேங்காய்ப்பால் சேர்ந்த ஸ்டூவில் காரம் மிகக் குறைவு. சிக்கல் சோற்றில்தான். பருத்த சிவப்பு மட்டை அரிசிச் சோற்றை நம் பிள்ளைகள் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். சின்னவன் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வேளையாவது அரிசிம்பருப்பு கேட்பான். அரிசியையும் துவரம்பருப்பையும் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து, வரமிளகாயும் சீரகமும் பூண்டும் தனியாகக் கட்டி, பொட்டலங்களாக எடுத்துக்கொண்டாள். தங்குகிற வீட்டில் அடுப்பு கிடைக்குமா என்பதை முன்னதாகவே கேட்டு வைத்திருந்தாள்.

அந்தத் தொலைபேசி உரையாடல் நெடுநேரம் நடந்தது. ஃபோர்ட் கொச்சியில் பழைய வீடுகளின் சில அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அறைக் கட்டணத்தை அம்மா கடைசியில்தான் கேட்டாள். அறை கீழ்த்தளமா? சன்னலில் கொசுவலை உண்டா? மாடிப்படிக்குக் கதவு இருக்கிறதா? கிணறோ குளமோ பக்கத்தில் உண்டா? குளியலறையில் வாளியும் குவளையும் உண்டா? இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனை எவ்வளவு தூரம்? மறுமுனையில் இருந்த சேச்சி மலையாளத்தில் பதில் சொன்னார், இவள் தமிழில் கேட்டாள், எதுவும் விட்டுப்போகவில்லை. கொசுவைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் ஓடும் கால்வாய்களில் தண்ணீர் தேங்கி நிற்பதால் கொச்சியின் கொசுத் தொல்லை பேர்பெற்றது. கொசு கடித்த குழந்தை இரவில் தூங்காது, தூங்காத குழந்தைக்கு மறுநாள் காலைத் துண்டு இல்லை.

ரயில் சீட்டில் ஒரு விவரத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால், தனி இடம் வேண்டும் என்று கேட்டால் 2016 ஏப்ரலிலிருந்து முழுக் கட்டணம். பெரியவளுக்கு முழுச் சீட்டே எடுத்தார்கள். சன்னலோரம் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தால்தான் சின்னவன் அம்மா மடியில் சண்டையில்லாமல் இருப்பான். முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அந்தக் காலையில் எட்டு மணிக்கெல்லாம் அப்பா கைபேசியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். எர்ணாகுளத்தில் சந்திப்பு என்றும் டவுன் என்றும் இரண்டு நிலையங்கள் இருப்பதையும் குறித்துக்கொண்டார்கள். சில ரயில்கள் டவுனில் மட்டும்தான் நிற்கும். மூட்டை முடிச்சு, தூங்குகிற பிள்ளை, முழங்கால் வலிக்கும் அப்பத்தா, இத்தனையோடும் தவறான நிலையத்தில் இறங்கக் கூடாது.

இன்னொரு கவலையும் இருந்தது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கன்டெய்னர்களோடு கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கியது. அதிலிருந்து கொட்டிய வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கின, கன்னியாகுமரி வரைக்கும் போயின. ஜவ்வரிசி அளவுதான் இருக்கும். மணலில் கிடந்தால் மூன்று வயதுப் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். போவதா வேண்டாமா என்று அம்மா சில நாள் யோசித்தாள். கடைசியில் போவது என்றும், மணலில் உட்காருமுன் அந்த இடத்தைக் கையால் அளைந்து பார்ப்பது என்றும் முடிவாயிற்று. பிள்ளைகளிடமும் மறைக்கவில்லை. கப்பல் முழுகியது, அதிலிருந்து கொட்டியது, தொடக் கூடாது என்று நேராகச் சொன்னாள். பெரியவள் அதைத் தம்பிக்குத் தினமும் சொல்லித் தரும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

ரயில் மதுக்கரையைத் தாண்டியதும் வாளையார்க் காடு. யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் பகுதி என்பதால் வேகம் குறையும். தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கேமராவில் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவிகளைத் தமிழக வனத்துறை 2024இல் மதுக்கரையில் அமைத்தது. அப்பா இதைச் சொல்லி வைத்திருந்ததால் பிள்ளைகள் இருவரும் சன்னலில் முகத்தைப் பதித்துக்கொண்டார்கள். யானை வரவில்லை. அதற்காக யாரும் முகம் வாடவும் இல்லை. ஷொர்ணூருக்கு அருகே பாரதப்புழை, ஆலுவாவில் பெரியாறு என்று பாலங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பாலத்துக்கும் சின்னவன் “தண்ணி!” என்று அறிவித்தான்.

முதல் இரவை எர்ணாகுளத்தில் வைத்தது அம்மாவின் யோசனை. வந்து இறங்கிய அன்றே ஃபோர்ட் கொச்சி வரை அலைய வேண்டாம், மாலையில் கோயில், இரவு உறக்கம், மறுநாள் காலை பெட்டி படுக்கையோடு வாட்டர் மெட்ரோ. மதியச் சாப்பாட்டு மேசையில் குவளைகளில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வந்தது. பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அது. ஊரில் தண்ணீர் குடிக்க மல்லுக்கட்டும் சின்னவன், ரோஸ் தண்ணீர் என்று கேட்டுக் கேட்டுக் குடித்தான். வியர்வை ஊற்றும் கடலோர ஊரில் பிள்ளைகளின் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் பையில் இருந்தன. பதிமுகம் இருந்தவரை அவற்றுக்கு வேலை வரவில்லை.

கொச்சி வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கியது. 78 படகுகள், 38 துறைகள், 10 தீவுகள் என்பது முழுத் திட்டம். மின்கலத்தில் ஓடும் குளிர்சாதனப் படகுகள். எஞ்சின் அதிர்வும் டீசல் வாடையும் இல்லாததால் வயிறு புரட்டுவதில்லை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. துறையின் மேடையே தண்ணீரில் மிதக்கிறது. அலை ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்கும். சக்கர நாற்காலிக்காகச் செய்த ஏற்பாடு, தள்ளுவண்டிக்கும் அப்பத்தாவின் முழங்காலுக்கும் அப்படியே பொருந்தியது. பழைய படகுத்துறைகளில் ஓர் அடி எட்டி வைத்து ஏற வேண்டியிருந்த காலத்தில் வயதானவர்கள் பலர் கரையிலேயே நின்றுவிடுவார்கள். ஒரு பொதுப் போக்குவரத்தை யாருக்காகக் கட்டுகிறோம் என்று யோசித்துக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தப் படகுகள் நல்ல சான்று.

ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சி போகும் வழி முழுக்கத் துறைமுகம்தான். ஒரு பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தின் உயரமான கிரேன்கள், மறுபக்கம் வில்லிங்டன் தீவு. “இந்தத் தீவு மனுசங்க செஞ்சது” என்று அப்பா சொன்னதும் பெரியவள் நம்பவில்லை. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர், துறைமுக வாயை அடைத்துக்கிடந்த மணல் திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். அள்ளிய மண்ணைக் கொட்டி உருவானது இந்தத் தீவு. சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஃபோர்ட் கொச்சியே அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில்தான் இருந்தது. பெரியவளுக்கு ஆளுநர் பெயரெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “மண்ண எதுல அள்ளுனாங்க?” என்பதுதான் அவள் கேள்வி. லேத் பட்டறைக்காரரான அப்பாவுக்கு மண்வாரிக் கப்பலை விளக்குவதில் இருந்த மகிழ்ச்சி, படகு துறையைத் தொடும்வரை தீரவில்லை. இந்தப் படகுகளைக் கட்டியதும், 2022இல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டியதும் கொச்சியில் உள்ள கப்பல் கட்டும் தளம்தான் என்பதையும் அவர் சொல்லி முடித்தார்.

ஃபோர்ட் கொச்சி சின்னக் கால்களுக்கு ஏற்ற ஊர். தெருக்கள் குறுகல், வண்டிகள் மெதுவாகப் போகும், பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரங்கள் வீதிக்குக் குடை பிடிக்கும். கடற்கரையில் பருவமழைக்குப் பின் காயலிலிருந்து அடித்துக்கொண்டு வந்த ஆகாயத்தாமரை பச்சைப் பச்சையாகக் குவிந்து கிடந்தது. மழைக்காலத்தில் நன்னீர் நிறைந்த காயலில் பெருகும் இந்தச் செடி, கடலின் உப்பு உள்ளே ஏற ஏறச் செத்துப்போகும். குளிக்க ஏற்ற கரை அல்ல அது. ஆனால் கப்பல் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. துறைமுகத்துக்குள் நுழையும் பெரிய சரக்குக் கப்பல்கள், நடைபாதையில் நிற்பவர்களுக்கு முன்னால், கப்பலில் இருப்பவரின் சட்டை நிறம் தெரியும் நெருக்கத்தில் போகும். சின்னவன் ஒவ்வொரு கப்பலுக்கும் கை காட்டினான். ஒரு கப்பலிலிருந்து ஒருவர் திருப்பிக் காட்டினார். அன்றைக்கு இரவு அவனுக்குக் கதை வேண்டியிருக்கவில்லை.

சீன வலைகளை அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தார்கள். நேரில் பார்த்தபோது பெரியவளைக் கவர்ந்தது வலை அல்ல, பின்னால் கயிறுகளில் தொங்கிய பாறைக் கற்கள். பெரிய மரத்தண்டுகளில் கட்டிய வலையை நீருக்குள் இறக்கி, சிறிது நேரம் விட்டு, நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுத்துத் தூக்குகிறார்கள். எதிர்ப்பக்கம் தொங்கும் கற்களின் கனம்தான் பாதி வேலையைச் செய்கிறது. வலைக்காரர் ஒருவர் அவளையும் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். இழுத்தாள். வலையோடு ஒரு கொத்து ஆகாயத்தாமரையும் சில பொடிமீன்களும் ஏறி வந்தன. சீசா பலகையில் ஒரு பக்கம் தம்பியும் மறுபக்கம் தானும் உட்கார்வதை எண்ணிக்கொண்டு “அந்தக் கல்லுதான் தம்பியா?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பின்னால் படிக்கப்போகும் நெம்புகோல் பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஒரு பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. அதற்கும் தாளில் இடம் இருந்தது: கூரைக்குக் கீழ் பார்க்கக்கூடியவற்றை ஒன்றிரண்டாகப் பிரித்து மழைக்கென்று ஒதுக்கியிருந்தாள். அப்படித்தான் புனித பிரான்சிஸ் தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். 1503இல் போர்ச்சுகீசியர் மரத்தால் கட்டி, பின்னர் கல்லால் எழுப்பிய கோயில். 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். பிற்பாடு எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. யாரும் உள்ளே இல்லாத கல்லறையைப் பற்றிப் பெரியவள் நிறையக் கேட்டாள். சின்னவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து ஆள் கயிற்றை இழுத்தால் உள்ளே அசையும் துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கின. மின்விசிறி மட்டுமே அறிந்த பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

மட்டாஞ்சேரி அரண்மனையில் அப்பத்தாவின் நேரம் வந்தது. போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர்கள் பழுதுபார்த்த அரண்மனை அது. பள்ளியறைச் சுவர்கள் முழுக்க ராமாயணம். தசரதனின் யாகத்திலிருந்து ஓவியம் ஓவியமாகக் கதை நகர்கிறது. விளக்கப் பலகைகளை யாரும் வாசிக்கவில்லை. அப்பத்தா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, “இங்க பாரு சாமி, பாயசம் வருது, மூணு பேருக்கும் பங்கு போடறாங்க” என்று தொடங்கினார். வில் ஒடிந்தது, காட்டுக்குப் போனார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லாததால் எல்லோர் கையும் சும்மா இருந்தது. வேறு ஊர்க் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளும் வந்து நின்றுகொண்டார்கள். அவர்களுக்குத் தமிழ் புரிந்ததா தெரியவில்லை, ஆனால் சுவரையும் அப்பத்தாவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அரண்மனைக்குப் பக்கத்திலேயே 1568இல் கட்டிய யூதர் கோயில். சீனாவிலிருந்து வந்த நீலவெள்ளைத் தரை ஓடுகள் கையால் வரைந்தவை, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று கேள்விப்பட்ட பெரியவள், ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடிக்கிறேன் என்று குனிந்து நடந்தாள். அதற்குள் சின்னவனின் பன்னிரண்டு மணி நெருங்கிவிட்டது. எழுந்து வந்துவிட்டார்கள்.

கதகளியையும் அப்படித்தான் பார்த்தார்கள். ஃபோர்ட் கொச்சியின் கதகளி அரங்குகளில் ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பனை போடுவதையும் உட்கார்ந்து பார்க்கலாம். கலைஞர் பாயில் படுத்திருக்க, முகத்தில் பச்சை ஏறும், தாடையோரம் வெள்ளைச் சுட்டி ஒட்டப்படும். கண்ணைச் சிவப்பாக்க ஒரு பூவின் சிறு விதையை இமைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சின்னவன் உறங்கிவிட்டான். முழு ஆட்டமும் பார்க்கவில்லையே என்று அப்பாவோ அம்மாவோ நினைக்கவில்லை. பச்சை முகம் எப்படி உண்டாகிறது என்று ஒரு மாலை முழுக்கப் பார்த்தாயிற்று, அது போதும்.

கடலில் கால் வைப்பதற்கு என்று ஒதுக்கியது வைப்பின் தீவின் செராய் கடற்கரை. ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு ரோ-ரோ படகு உண்டு. கார், லாரி, பைக், மனிதர் எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் அக்கரை சேர்க்கும். 2018இல் தொடங்கியபோது ஓடிய படகுகளுக்குச் சேதுசாகர் என்று பெயர். ஒரு லாரி படகுக்குள் ஏறுவதைப் பார்த்த சின்னவனின் கண்கள் விரிந்ததைப் பற்றி அப்பா இன்றைக்கும் சொல்வார். நடு வழியில் ஓங்கில்கள் இரண்டு முதுகைக் காட்டி முங்கின. துறைமுக வாயில் அவை மீன் தேடி வருவது வழக்கம்தான், உள்ளூர்க்காரர்கள் தலை நிமிரவில்லை.

வைப்பினைப் பற்றிப் பெரியவளுக்கு அப்பா சொன்ன கணக்கு அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. 1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து, பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்து, கொச்சியின் கடல்வாய் திறந்தது. வெள்ளம் கொண்டுவந்த மண்ணில் எழுந்த தீவு வைப்பின். அந்த ஆண்டிலிருந்து தொடங்கும் புதுவைப்பு என்ற ஆண்டுக் கணக்கே இங்கே வழங்கியது. “நம்ம தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கட்டி முந்நூறு வருசத்துக்கு மேல ஆனப்பறம்தான் இந்த மண்ணே வந்துச்சு” என்றார். அவள் காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள்.

செராயில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் சாலை. அம்மா அங்கே முதலில் செய்தது உயிர்காப்பாளரைத் தேடிப் போய், இன்று எந்த இடத்தில் இறங்கலாம் என்று கேட்டது. எச்சரிக்கை எதுவும் இல்லை என்று காலையிலேயே பார்த்திருந்தாள், ஆனாலும் கேட்டாள். அலைகள் வரிசையாக உடையும் கரையில் ஓர் இடத்தில் மட்டும் உடையாமல் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்கக் கூடாது. கரைக்கு வந்த நீர் திரும்பி ஓடும் பாதை அது, ஆளை உள்ளே இழுத்துவிடும். பிள்ளைகள் இருவருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. நீலச் சட்டை போட்ட பிள்ளை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கட்டில் பேனாவால் அப்பாவின் கைபேசி எண். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரம், பிள்ளையின் முழங்கால் அளவு நீர். இவ்வளவு விதிகளுக்கு நடுவே பிள்ளைகளுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்கலாம். சின்னவன் அலை வரும்போது கரைக்கு ஓடினான், போகும்போது துரத்தினான், மறுபடி ஓடினான். பெரியவள் மணலை அளைந்து பார்த்து, வெள்ளை மணி இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு தீவு கட்டினாள். அதற்குத் துறைமுகமும் வெட்டினாள். அப்பத்தா கால் நனைத்துக்கொண்டு, பெரியவள் கேட்ட இடத்துக்கெல்லாம் ஈர மண் அள்ளிக் கொடுத்தார்.

கிளம்புகிற நாளின் காலைத் துண்டைத் தாளில் வெறுமையாக விட்டிருந்தாள். அதைப் பிள்ளைகள் நிரப்பட்டும் என்று. ஹில் பேலஸா, போல்காட்டியா என்று அப்பா ஆவலோடு கேட்டார். இருவரும் ஒரே குரலில் லாரிப் படகு என்றார்கள். அப்படியே வைப்பினுக்குப் போய், ஒரு கடையில் பழம்பொரி தின்றுவிட்டு, அதே படகில் திரும்பி வந்தார்கள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் பெரியவள் தாளின் பின்பக்கத்தில் ஒரு கப்பல் வரைந்துகொண்டிருந்தாள். கப்பலிலேயே தூங்கிப் போகும் ஊர் எது என்று கேட்டாள். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் பயணிகள் கப்பல் போகிறது, 14 மணி நேரத்திலிருந்து 20 மணி நேரம் வரை ஆகும் என்றார் அப்பா. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும், மழைக்காலத்தில் முடியாது, அலையாட்டம் சின்னவனுக்கு ஒத்துக்கொள்ளுமா பார்க்க வேண்டும், கப்பலில் வெந்நீர் கிடைக்குமா விசாரிக்க வேண்டும் என்று விரல் மடக்கினாள். “தம்பிக்கு ஆறு வயசு ஆகட்டும், அப்பப் போலாம்” என்று முடிவு சொன்னாள். பெரியவள் கப்பலுக்குள் கட்டில்கள் வரையத் தொடங்கினாள். அப்பத்தாவின் கட்டில் கீழே இருக்க வேண்டும் என்று அப்பத்தாவே சொல்லித் திருத்தினார்.